தண்டலத்தில் ஒரு சமாதான மாநாடு

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நானும் என் அக்கா மகள் மலரும் பூந்தமல்லியில் பேருந்து ஏறினோம். தண்டலம் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். ஆளுக்கு ஐந்து ரூபாய். மலர் சிங்கப்பூரில் பிறந்தவள். அங்கேயே சர்வதேச உறவுகள் படிக்கிறாள். ஆனர்ஸ் பட்டத்துக்கு ஆய்வேடு எழுத வேண்டும். மேலே தட்டிக்கேட்க ஆளில்லாதபோது இரண்டு நாடுகள் கொடுத்த வாக்கை ஏன் காப்பாற்றுகின்றன? இதுதான் அவள் கேள்வி. நேரில் பார்த்த உதாரணம் ஒன்று கொண்டுவராவிட்டால் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார் ஆசிரியை. செவ்வாய்க்கிழமை விமானம். உதாரணம்தான் இன்னும் அகப்படவில்லை.

இரண்டு நாட்டு ஒப்பந்தம் ஏதாவது அகப்படும் என்று முதலில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வாசலுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை என்று காவலாளி திருப்பி அனுப்பினார். உள்ளே ஓடிய இயந்திரங்களுக்கு ஞாயிறு கிடையாது போல.

பதினொரு மணிக்கு எதிர் டீக்கடை. டீ இரண்டு ரூபாய், பேச்சு இலவசம். கடைக்கார ஸ்டெல்லா அக்கா பின்பக்கத்து அறையைத் தொழிற்சாலைப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். ஒரே அறை, எட்டுப் பேர்.

"எப்படிக்கா படுப்பாங்க?" என்றேன்.

"நாலு பேரு டே ஷிப்ட்டு, நாலு பேரு நைட்டு. இவன் வரசொல்லோ அவன் பூடுவான். ஞாயித்துக்கெழமைன்னா டே செட்டு ஊர் சுத்தப் பூடும். ஒரு வருசமா ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் சரியா பாத்ததில்ல. ஆனா போற செட்டு டிரம்முல தண்ணி ரொப்பிட்டுத்தான் போவும்."

"ரொப்பலேன்னா?" மலர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒரு தபா இவனுங்க ரொப்பல. அவனுங்களும் ரொப்பல. ரெண்டு நாளு எட்டுப் பேரும் குளிக்கல. நாத்தம் தாங்காம அவனுங்களே சரியாப் பூட்டானுங்கோ!"

மலருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இரண்டு நாடுகளையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேட்டி எடுத்தே தீரவேண்டும் என்றாள்.

"வேணாம்மா," என்றார் ஸ்டெல்லா அக்கா. "தூர இருந்தா சேர உறவு, கிட்ட இருந்தா முட்டப் பகை."

அவள் கேட்கவில்லை. குன்றத்தூர் கிளம்பிய பகல் செட்டை பிஸ்கட் வாங்கித் தந்து நிறுத்திவிட்டாள்.

நாலு மணிக்கு மாநாடு. பிஸ்கட் தீரும்வரை சமாதானம். பிறகு திருநெல்வேலிக்கார முருகன், இரவு செட்டு, ஆரம்பித்தான்.

"ஏல, எஞ் சோப்பத் தேச்சுத் தீக்கது நீதானா?"

"உங்க மீன் கொழம்பு வாடையில ஒறங்க முடியலப்பு!" என்றான் சிவகங்கைப் பாண்டி, பகல் செட்டு.

ஒரு வருடத்துக் குற்றங்கள் பெஞ்சின் மேல் கொட்டின. "இனிமே டிரம்மும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. வேற ரூம் பாக்கோம்!" முருகன் எழுந்துவிட்டான்.

மலர் பேனாவை மூடினாள். கிடைத்த ஒரே உதாரணத்தைத் தானே உடைத்துவிட்டாள். ஸ்டெல்லா அக்காவுக்கோ நாலு பேர் வாடகை போகிறதே என்ற கவலை. "சொன்னேனா இல்லியா?" என்று என்னை முறைத்தார்.

ஆறு மணிக்கு ஷிப்ட் பஸ் ஹாரன். இரவு செட்டு பையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. படியில் ஒரு காலை வைத்த முருகன் சட்டென்று குதித்து இறங்கினான். திட்டிக்கொண்டே அடிபம்புக்கு ஓடிக் குடத்தை வைத்தான்.

"வேற ரூம் பார்க்கிறேன்னீங்களே!" என்று கத்தினாள் மலர்.

"கோவம் அவம்மேலல்லா! நாளைக்குக் காலையில வந்து குளிக்கது நாங்கதான? நான் ரொப்பலன்னா அவன் ரொப்புவானா?"

பஸ் மறுபடி ஹாரன் அடித்தது.  பாண்டி போய் அவன் கையிலிருந்து பம்புக் கைப்பிடியைப் பிடுங்கினான். "நீ வண்டியப் புடியப்பு. மிச்சத்த நான் அடிக்கிறேன். மீனு விசயத்த மட்டும் விடமாட்டேன்!"

"போலே!" முருகன் சிரித்துக்கொண்டே ஓடினான்.

திரும்பும் பேருந்தில் மலர் எழுதிக்கொண்டே வந்தாள். இனித் தலைப்பை மாற்ற வேண்டியதில்லை. எங்கள் தெருவை நினைத்துக்கொண்டேன். நானும் மாடிவீட்டுக்காரரும் தினமும் வாசலில் நின்று அரைமணி நேரம் சிரித்துப் பேசுகிறோம். தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுவது யார் என்பது மட்டும் இன்றுவரை முடிவாகவில்லை.