நாங்கள் வாங்காமல் விட்ட ஆறடி

அப்பாவை எரித்த அன்று மின்மயானத்தில் நானும் அக்கா வீட்டுக்காரரும் இருந்தோம். எங்கள் சபையின் பாஸ்டர் இருந்தார். சபையின் ஆண்கள் எல்லாரும் வெள்ளைச் சட்டையில், வேதபுத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார்கள். சாலை என்ற கடைத்தெருவில் அப்பாவோடு மூட்டை சுமந்தவர்கள் சுமைக்காரர்களுக்குரிய நீலச் சட்டையைக்கூட மாற்றாமல் வேலையிலிருந்து நேரே வந்திருந்தார்கள். பெண்களில் விழிஞ்ஞத்துச் சகோதரி ஒருவர் மட்டும் வந்திருந்தார். அம்மா வரவில்லை. அம்மாவைத் தனியே விட முடியாது என்று அக்காவும் வரவில்லை. மார்த்தாண்டம் பக்கம் இருக்கும் பெரியப்பா வரவில்லை. அவர் கோபத்தில் இருந்தார். அம்மா கோபத்தில் இல்லை. அவள் ஏன் வரவில்லை என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களுடையது எந்தப் பெரிய சபையோடும் சேராத தனிச் சபை. அதே சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புக் கடைக்கு மேலே வாடகை மாடி. ஞாயிற்றுக்கிழமை கீழே ஷட்டர் மூடியிருக்கும்; படியேறும்போது கம்பித் துருவின் மணம் வரும். கொத்தனார்கள், ஹோட்டல் வேலைக்காரர்கள், துணிக்கடையில் நிற்கிறவர்கள், எல்லாரும் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பிரசங்க மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு துணி பேனர். 'நாங்கள் விசுவாசிப்பவை' என்று மேலே பெரிய எழுத்து. வேதம் தேவனுடைய வார்த்தை. மனிதன் தன் நற்செயலால் அல்ல, கிருபையால், விசுவாசத்தினால் இரட்சிக்கப்படுகிறான். குழந்தையின் தலையில் தெளிப்பது ஞானஸ்நானம் ஆகாது. விசுவாசித்தவன் தானே தண்ணீரில் முழுகி எழ வேண்டும். இயேசு சீக்கிரம் வருவார். கடைசி வரி: மரித்தவர்கள் சரீரத்தோடு எழுந்திருப்பார்கள், உயிரோடு இருப்பவர்கள் மறுரூபமாகி அவர்களோடு சேர்ந்து ஆகாயத்தில் அவரைச் சந்திப்பார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பம் பிட்கும் முன், ஒருவர் இதை வாசிக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பள்ளியில் படிக்கும்போதே அந்த வேலை எனக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்தது மலையாளத்தில். தமிழ் எழுத்துகளை நான் அந்த பேனரைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எந்த எழுத்தும் தெரியாது; ஆனால் நான் வாசித்து முடிக்கும் முன்பே அம்மாவின் குரல் அடுத்த வரிக்குப் போயிருக்கும். அந்த வரிகளை நான் இன்றும் நம்புகிறேன். கேலி செய்வதற்காக எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நான் பிளஸ் டூ படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை நெடுமங்காடு ரோட்டிலிருந்து வேறொரு சிறிய சபையின் மூப்பர்கள் இரண்டு பேர் வந்தார்கள். மலையாளிகள். அவர்களிடம் ஒரு குன்றுச் சரிவில் கல்லறைத் தோட்டம் இருந்தது, முறையான அனுமதியோடு. அந்தப் பணச்சுமை தாங்க முடியவில்லை, பாதிப் பங்கு எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். ஒன்றரை லட்சம்.

"லைசென்ஸ் உள்ள ஸ்தலமா. இனி இதுபோல கிட்டில்லா" என்றார் மூத்தவர். இனி இப்படி ஓர் இடம் கிடைக்காதாம்.

பாஸ்டர் அதைச் சபைக்கு முன் வைத்தார். எலக்ட்ரிஷியன் அண்ணன் ஒருவர், "ஆத்திர அவசரத்துக்கு வேணும்லா பாஸ்டரே. வாடகை வீட்டுல இருக்கப்பட்டவங்க நாம" என்றார். அப்போது அப்பா எழுந்தார். அவர் உட்காருவது எப்போதும் மின்விசிறிக்கு நேர் கீழே.

"மேல போறதுக்கு டிக்கெட் எடுத்து வச்சிட்டு, கீழ எதுக்கு பாஸ்டரே ரூம் புக் பண்ணணும்?"

மாடி முழுக்கச் சிரித்தது. பாஸ்டரும் சிரித்தார். "அண்ணாச்சி பிரசங்கம் எனக்க பிரசங்கத்தவிடச் சுருக்கமாக்கும். ஆனா காரியம் அதுதான்."

அதில் பொய்யான பேச்சு எதுவும் இல்லை. இயேசுவின் வருகை அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று நாங்கள் மெய்யாகவே நம்பினோம். குழிக்குப் பணம் கட்டுவது அந்த நம்பிக்கையில் விழுந்த ஓட்டை போலத் தோன்றியது. சேர்ந்திருந்த காணிக்கை பொன்முடிக்குப் போயிற்று. அங்கே எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் இருந்த விசுவாசிகளுக்குத் தகரக் கூரை போட்டு ஒரு ஜெப வீடு கட்டிக் கொடுத்தோம். அது நல்ல காரியம்தான். எங்களில் வயதானவர்கள் அதுவரை ஊருக்குப் போய்த்தான் செத்தார்கள். ஊரில் இருந்த பிள்ளைகள் அடக்கம் செய்தார்கள். ஆகவே இந்த நகரத்தில் எங்களுக்கு ஆறடி மண் இல்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

அம்மாவுக்கு மட்டும் உறைத்தது. வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள். "எல்லாரையும் சிரிக்க வச்சாச்சு. எனக்கு முந்தி நீங்க போனா நான் எங்க கொண்டு வைப்பேன்?"

"எங்க போவேன், உன்ன விட்டுட்டு? ரெண்டு பேரும் ஒண்ணாத்தான். நீ மெதுவா நடப்பல்லா, மேகத்துல ஏறும்போது கையப் புடிச்சு இழுத்துக்கிடுதேன்" என்றார் அப்பா.

சில வருஷங்கள் கழித்து அவர் போனது ஒரு பகல் வேளையில். லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் முதுகில் மூட்டையோடு முட்டி மடிந்து உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது. எங்கள் லைன் வீட்டு வாசலுக்குள் ஃப்ரீசர் பெட்டி நுழையவில்லை. பக்கத்து வீட்டு போர்ட்டிகோவில் வைத்தோம். துக்கம் கேட்க வந்த எங்கள் தெருவின் பெண்கள் வழக்கப்படி அம்மாவின் கழுத்தைப் பார்த்தார்கள். எங்கள் சபையில் பெண்கள் நகை போடுவதில்லை, தாலியும் இல்லை. கழற்றுவதற்கு அம்மாவிடம் ஒன்றுமே இருக்கவில்லை.

பெரியப்பாவுக்கு போன் செய்தேன். ஊரில் எங்கள் பரம்பரைச் சபைக்குக் கல்லறைத் தோட்டம் உண்டு. அப்பாவுக்குக் குழந்தையில் தண்ணீர் தெளித்தது அங்கேதான்.

"கொண்டு வாங்க மக்களே" என்று அழுதார் பெரியப்பா. "அப்பாவும் அம்மையும் கெடக்குற எடத்துக்குப் பக்கத்துலயே குழி எடுக்கச் சொல்லுதேன்." மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி பேசினார். "கமிட்டில ஒண்ணு கேக்காங்க. அவன் சபைய விட்டுப் போனவனாக்கும். கடல்ல போய் முங்குனது தப்பாயிட்டுன்னு உனக்க அம்ம வந்து ஒரு வார்த்த சொன்னா போதும். பின்ன, உங்க பாஸ்டர் குழிக்கிட்ட நின்னு பேசப்பிடாது."

அம்மா கையை நீட்டி போனை வாங்கினாள்.

"அத்தான், விழிஞ்ஞத்துல அவருக்கக் கையப் புடிச்சிட்டு நானும்தான் முங்குனேன். அலை அடிச்சு நான் விழப் போனப்ப அவரு விடல்ல. இப்ப அது தப்புன்னு நான் எந்த வாயால சொல்ல?"

அந்தப் பக்கம் பெரியப்பா ஏதோ சத்தமாகச் சொன்னார்.

"அவருக்கப் பிடிவாதம் இல்ல அத்தான். இது எனக்கப் பிடிவாதம்" என்று சொல்லி போனை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

பிறகு நானும் பாஸ்டரும் ஆட்டோ பிடித்து நெடுமங்காடு ரோட்டுக்குப் போனோம். அன்று வந்த அதே மூப்பர்தான்; இப்போது கைத்தடி வைத்திருந்தார். அப்பாவை அவருக்கு நினைவிருந்தது. அந்தச் சிரிப்பும் நினைவிருந்திருக்க வேண்டும். தோட்டத்தின் பழைய பாகம் பங்குதாரர்களுக்கு மட்டும், அன்று எங்களிடம் கேட்ட பாதியை வேறொரு சபை எடுத்துவிட்டது. புதிய பாகத்துக்கு இன்னும் அனுமதி வரவில்லை; அக்கம்பக்கத்தார் எதிர்க்கிறார்கள்; இப்போது ஒரு குழி வெட்டினால் கேஸ் ஆகிவிடும் என்றார்.

"அந்நு நிங்ஙள் கூடியிருந்நெங்கில், மோனே…" என்று தொடங்கினார், அன்றே நீங்கள் சேர்ந்திருந்தால் என்று. பிறகு எங்களுக்குப் பால் ஊற்றாத கட்டன்சாயா கொடுத்தார்.

திரும்பும்போது பாஸ்டர் ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பேரூர்க்கடை தாண்டும்போது என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி சொன்னப்ப நானும் சிரிச்சேன்லா தம்பி."

மின்மயானம்தான் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. பாஸ்டரே சொன்னார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எரிச்சா எது பாஸ்டரே எழும்பும்?"

"மண்ணுலேர்ந்து மனுஷன உண்டாக்குனவருக்குச் சாம்பல்லேர்ந்து எழுப்ப முடியாதா அம்மா?"

"அவருக்கு முடியும். அது எனக்கும் தெரியும். ஆனா எரிக்கது நம்ம வழக்கம் இல்ல, எழும்புவோம்னு நம்பாதவங்கதான் எரிப்பாங்கன்னு இத்தன நாளும் சொன்னது நீங்கதான்."

பாஸ்டர் வேதபுத்தகத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். அம்மா சண்டை போடவில்லை. அவள் கேட்டது நான் சுமக்க வேண்டிய கேள்வியும்கூட. ஒவ்வொரு மாதமும் அந்த வரியை வாசித்துக் கொடுத்தவன் நான்.

விழிஞ்ஞத்துச் சகோதரி அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவருடைய கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். உடல் கிடைக்கவே இல்லை. "அக்கா, எங்க ஆளுக்கு மண்ணும் இல்ல, தீயும் இல்ல. மீனு தின்னுச்சோ என்னமோ. அதுக்காக அந்த நாள்ல கர்த்தர் அவர விட்டுட்டுப் போயிருவாரா?"

மற்ற பெண்கள் 'ஆமென்' என்றார்கள். அம்மா அந்தச் சகோதரியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"விட மாட்டாரு மோளே. ஆனா உனக்கு வேற வழி இல்ல. எங்களுக்கு இருந்துச்சு."

பிறகு எங்களைப் பார்க்காமல், "கொண்டு போங்க" என்றாள். அவள் எழுந்திருக்கவில்லை. அவள் வராததற்கு இதுதான் காரணம்.

மயானத்தில் நாங்கள் பாடினோம். சத்தம் எழவில்லை, ஊரில் குழிக்குப் பக்கத்தில் பாடிப் பழகியவர்களுக்கு அந்த ஓடு போட்ட தரையில், இரும்புக் கதவின் முன்னால், எந்தச் சுருதியில் தொடங்குவது என்று தெரியவில்லை. சுமைக்காரர் ஒருவர் கடைசியாக அப்பாவின் தோளில் கை வைத்தார். மூட்டை சுமந்து காய்ப்பு ஏறிய இடம் அது. எல்லாம் முடிந்ததும் அங்கிருந்த ஊழியர் என்னிடம் வந்து, "அஸ்தி நாளெ ராவிலெ வாங்காம். கடலில் ஒழுக்கானல்லே?" என்றார். நாளைக் காலையில் வந்து வாங்கிக்கொள், கடலில் கரைக்கத்தானே என்று கேட்கிறார். நான் பாஸ்டரைப் பார்த்தேன். பாஸ்டர் என்னைப் பார்த்தார். சாம்பலை என்ன செய்வது என்று எங்கள் பேனரில் ஒரு வரியும் இல்லை.

ஒரு சிறு மண்கலம். சிவப்புத் துணியால் வாய் கட்டியிருந்தார்கள். வழியிலேயே அதை மாற்றி வெள்ளைத் துண்டு கட்டினேன். அம்மா அதை வாங்கி அலமாரியின் மேல், அப்பாவின் வேதபுத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் ஞாயிறுதோறும் அவர் கொண்டுபோன புத்தகம்.

கொஞ்ச நாளில் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார். "தங்கச்சி தப்பா நினைக்கப்பிடாது. கலசத்த வீட்டுல வச்சிருக்கது நம்ம முறை இல்லேல்லா. பாக்கவங்களுக்கு ஒருமாதிரி தோணும்."

"சரி அண்ணே" என்றாள் அம்மா. "பின்ன எங்க வைக்கணும்னு ஒரு எடம் காட்டுங்க."

அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த முதல் ஞாயிறு நான் வாசிக்க எழுந்தேன். மின்விசிறிக்குக் கீழே யாரும் உட்காராமல் ஒரு நாற்காலி. எனக்கு முன்னால் ஓடும் அம்மாவின் குரல் அன்று வரிக்கு வரி சரியாகவே வந்தது. கடைசி வரியில் நின்றுவிட்டது. மற்றவர்கள் சொல்லி முடித்தார்கள். அவள் உதடு அசையவில்லை. அதன் பிறகு எந்த மாதமும் அவள் அந்த வரியைச் சொல்லவில்லை. ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது நானாகக் கேட்டேன்.

"நம்பாம இல்ல மக்களே" என்றாள். "அந்த வரி வரும்போது மனசு அலமாரி மேல போயிருது. போனா, இறங்க மாட்டேங்குது."

தோட்டத்தின் புதிய பாகத்துக்கு ஒருவழியாக அனுமதி வந்தது. அதற்குள் குன்றைச் சுற்றி வீடுகள் வந்துவிட்டன, நிலத்தின் விலை எங்கோ போய்விட்டது. பாஸ்டர் ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, சொந்த மண்டபம் கட்டுவதற்காகச் சேர்த்துவரும் பணத்தை அங்கே கொடுத்துவிடலாமா என்று கேட்டார். யாரும் வேடிக்கை பேசவில்லை. எலக்ட்ரிஷியன் அண்ணன்தான் முதலில் கை தூக்கினார். பணம் போதவில்லை. நகை வைத்திருக்கும் சபையாக இருந்தால் அடகு வைத்திருப்பார்கள். நான் கணக்கெழுதும் துணிக்கடையில் சம்பளத்தின் மேல் முன்பணம் வாங்கினேன். பொன்முடி லயத்திலிருந்தும், கேட்காமலேயே, ஒரு பங்கு வந்தது. நாங்கள் இன்னும் இரும்புக் கடைக்கு மேலேதான் கூடுகிறோம்.

அங்கே முதலில் வெட்டிய குழி அப்பாவுக்கு. குழி வெட்டுகிறவர் அம்மாவின் கையிலிருந்த கலத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு முழம் மதியல்லே அம்மா?" என்றார், ஒரு முழம் போதாதா என்று.

"வேண்டாம். முழு நீளத்துக்கும் வெட்டுங்க" என்றாள் அம்மா.

அவர் வெட்டினார். செம்மண், வேர் நிறைய. அந்த நீளத்துக்கு நடுவில் வைத்தபோது கலம் மிகவும் சிறியதாகத் தெரிந்தது. பெரியப்பா இந்த முறை வந்திருந்தார். முதல் பிடி மண்ணை அவர்தான் போட்டார். பாஸ்டர் கடைசி வரியைச் சொன்னார். நான் அம்மாவின் வாயைப் பார்க்கவில்லை. மண் மூடி முடிந்ததும் அவள் பக்கத்தில் வெறுமையாய்க் கிடந்த இடத்தைக் காலால் மெல்லத் தட்டிப் பார்த்து, "இது எனக்கு" என்றாள்.

ஒன்றரை லட்சத்துக்குத் தருகிறோம் என்று அவர்கள் வந்து கேட்டபோது நாங்கள் சிரித்து அனுப்பிவிட்ட அந்தக் குன்றின் மண், பத்திரச் செலவோடு சேர்த்துக் கடைசியில் எங்களுக்கு ஏழு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் ஆயிற்று.