மயில்துத்தக் கேனும் ஒரு ஜீப் டிரைவரும்

கம்பத்தில் ஒரு சின்ன லேப்பில் முப்பது வருஷம் டெக்னீஷியனாக இருந்தவள் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு கேன் கதையைச் சொல்லிவிடுகிறேன். நினைத்தால் இன்றும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பாண்டி கூடலூரிலிருந்து குமுளிக்கு ஜீப் ஓட்டியவன். இருபத்தாறு வயதில் கை நடுங்கியது, நாக்கும் குழறியது. குடிக்கிறான் என்று முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அவனோ டீயைத் தாண்டி எதையும் தொட்டதில்லை. அவன் கருவிழி ஓரத்தில் பழுப்பும் பச்சையுமாக ஒரு வளையத்தைப் பார்த்த நரம்பு டாக்டருக்கு வில்சன் நோயோ என்று சந்தேகம். உடம்பில் தாமிரம் சேருகிற நோய் அது. ஒரு நாள் முழுவதும் போகும் யூரினில் தாமிரம் எவ்வளவு என்று பார்க்க என்னிடம் அனுப்பினார்.

கேனைக் கொடுத்து, "ஒரு சொட்டு விடாம வரணும் தம்பி" என்று கறாராகச் சொன்னேன்.

மறுநாள் வேறொரு பெரிய கேனோடு வந்தான். நான் ஒன்றும் கேட்காமல் அளந்து, சாம்பிள் எடுத்து மதுரைக்கு அனுப்பினேன். ரிசல்ட் வரவில்லை, போன்தான் வந்தது. "மேடம், இது மனுஷன் யூரினா, கரண்ட் வயரைக் கரைச்சு அனுப்புனீகளா?"

பாண்டியைக் கூப்பிட்டேன். "அந்தக் கேன்ல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"திராட்சைக்கு அடிக்க மயில்துத்தம் கரைச்சதுக்கா. நீங்க குடுத்தது பத்தல. சொட்டு விடக் கூடாதுன்னு சொன்னீகள்ல? மூணு தடவ கழுவிட்டுத்தான் ஊத்துனேன்."

மயில்துத்தத்தில் இருப்பதே தாமிரம்தான். விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "திரும்ப ஜீப்பு ஓட்டிருவேனாக்கா?" என்றான். எனக்கு வெட்கமாகிவிட்டது.

இந்தத் தடவை இரண்டு புதுக் கேன்களோடு நானே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா தண்ணீர் கொடுத்தார், பளபளக்கும் தாமிர பாட்டிலில். "நரம்புக்கு நல்லதுன்னு சொன்னாக. ஆறு மாசமா இவனுக்கு இதுலதான் தண்ணி." எனக்குப் புரையேறிவிட்டது.

பாட்டிலை ஓரங்கட்டிவிட்டு, பாண்டிக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். "சாப்பாட்டுல வர்ற தாமிரந்தான் பாசஞ்சர். மிச்சம் உள்ளவுகள ஏத்திக்கிட்டுப் போயி வெளிய எறக்கி விட ஈரல்ல ஒரு புரதம் இருக்கு. அதான் ஜீப்பு. டாக்டர் சந்தேகம் சரின்னா, ஒனக்குப் பொறப்புலயே அதோட வடிவம் கோணி, கதவு தெறக்கல. ஸ்டாண்டுல தேங்குனவுக மூளை வரைக்கும் போயி ரகளை பண்றாக. செல்லு துருப்பிடிச்ச மாதிரி ஆகிப்போகுது. ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்னு டாக்டர் சொல்வாக."

"டிங்கரிங் பண்ண முடியாதாக்கா?"

"முடியாது. ஆனா பாசஞ்சர வேற வண்டியில அனுப்ப மாத்திரை இருக்கு."

புதுக் கேனிலும் தாமிரம் அதிகம்தான், ஆனால் நம்பும்படியான அதிகம். ரத்தப் பரிசோதனையும் ஒத்துப்போனது. ஒரு வியாதி உறுதியானதற்காக நான் லேப்பில் குதித்தது அந்த ஒரு நாள்தான். மருந்துள்ள வியாதியாயிற்றே.

நடுக்கம் நிற்க ஒரு வருஷத்துக்கு மேலானது. டாக்டர் சம்மதித்ததும், முதல் டிரிப்புக்கு என்னைத்தான் ஏற்றினான். மலை ஏறும் வரை நான் பள்ளத்தாக்கைப் பார்க்கவே இல்லை, அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எந்தக் கேன் வந்தாலும், அதில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். நான் கற்றது அவ்வளவுதான்.

குமுளியில் இறங்கியதும் பாண்டி ரோட்டைத் தாண்டிப் போய், விளிம்பு வரை நிறைந்த டீ கிளாஸோடு கூட்டத்துக்குள் நடந்து வந்தான். என் கையில் கொடுத்தான்.

"ஒரு சொட்டு விடாம கொண்டாந்திருக்கேன், பாருங்கக்கா."