எல்லாமே நரம்புதான்

வலிக்கிறது என்று வருகிறவரைப் படுக்க வைத்து, இன்னும் கொஞ்சம் வலிக்க வைத்து அனுப்புகிற தொழிலுக்குப் பெயர் பிசியோதெரபி. இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். பிறந்து வளர்ந்தது தலவாக்கலையில். ஆகவே எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சனத்தின் இடுப்பும் தோளும் எனக்குப் புதிதல்ல.

இதைப் படிக்கிற நீங்களும் நம்ம கட்சிதான். கை மரத்துப்போய் விழித்து உதறுகிறவர், கினிகத்தேனை வளைவுகள் முடிவதற்குள் பஸ்ஸிலேயே இடுப்பைப் பிடித்துக்கொள்கிறவர், குனிந்தால் நிமிர யோசிக்கிறவர் என்று எல்லோரும் இருப்பீர்கள். நம் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது: நரம்பு. கழுத்தில் புடைப்பது நரம்பு. சேலைன் ஏற்றுவது நரம்பில். சுளுக்கினால் பிசகுவதும் நரம்பு. இரத்தம் ஓடும் குழாயையும், எலும்புகளை இழுத்துக் கட்டும் நாரையும், மூளைக்கும் உடம்புக்கும் இடையே சேதி கொண்டுபோகிற நிஜமான நரம்பையும் ஒரே கூடையில் போட்டுவிட்டோம். அந்தச் சொல்லால் ஒரு பெண்ணின் கையே போகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நடுவில் வேறு ஓரிருவரும் வந்து போவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துணைக்கு வந்தவர்

புஷ்பவதி என்னிடம் நோயாளியாக வரவில்லை. கணவர் மாரிமுத்துவுக்குத் துணையாக வந்தார். மாரிமுத்துவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தோட்டத்தில் அதை ஸ்டோர் என்பார்கள். மூட்டை தூக்கி இடுப்பில் பிடித்து, வலி காலுக்கு இறங்கியிருந்தது. அவர் "அம்மா" என்றால் பக்கத்து வார்டு திரும்பிப் பார்க்கும். புஷ்பவதி கொழுந்து பறிக்கிறவர், பேச்சு குறைவு. கணவரின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட அவர் விரல்கள் தடுமாறுவதைப் பார்த்தேன். கிளினிக் அட்டை கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்தார். மறுபடியும் நழுவியது.

கையைக் காட்டச் சொன்னேன். வலது பெருவிரலுக்குக் கீழே திரண்டிருக்க வேண்டிய சதை வற்றிக் குழிந்திருந்தது. இது எப்போதிருந்து என்று கேட்டேன். அவர் அதைப் பெரிதாகவே நினைக்கவில்லை. "காலையில பனியில கொழுந்து எடுக்கையில எல்லாரும் கை குளிருது, வெறைக்குதுன்னு சத்தம் போடுறாங்க மிஸ். எனக்குச் சுண்டுவிரல் மட்டுந்தான் குளிருது, மத்த வெரலுக்கு ஒண்ணுமே தெரியல. நல்லதுதானுங்களே?"

கடைசி காம்பரா

மாரிமுத்துவுக்கு என் மேல் ஒரு சந்தேகம். வலி காலில், நான் பிடிப்பதோ இடுப்பை. காலைத் தொடாமல் காலம் கடத்துகிறேன் என்று நினைத்துவிட்டார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில், அதன் காம்பரா ஒன்றில், அதாவது ஓர் அறையில் வளர்ந்தவருக்கு, லயத்துக்கு வருகிற கரண்ட் கம்பியைக் கொண்டே சொல்வோம் என்று ஆரம்பித்தேன். மண்டைக்குள் இருப்பது மூளை. அங்கிருந்து ஒரு தடித்த கம்பி முதுகெலும்புக்கு உள்ளேயே இறங்குகிறது. அது தண்டுவடம். முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு பக்கமும் கிளைக் கம்பிகள் பிரிந்து கைக்கும் காலுக்கும் போகின்றன. அந்தக் கிளைகள்தான் நரம்பு. போகிற சேதி 'காலைத் தூக்கு' என்று சொல்லும். வருகிற சேதி 'முள் குத்திவிட்டது' என்று சொல்லும். இடுப்பில் கிளை பிரிகிற இடத்தில் ஒன்று நசுங்கினால், அது போய்ச் சேருகிற பாதத்தில்தான் வலி தெரியும்.

மாரிமுத்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். அவர் தம் லயத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "அப்ப போஸ்ட்டுல கோளாறு, லைட்டு எரியாதது கடைசி காம்பராவுல. எங்க லயத்துலயும் அப்படித்தானுங்க, திட்டு வாங்குறது மட்டும் கடைசி காம்பராக்காரன்."

துரைக்குத் தெரியாமல்

முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டுவது எங்கள் வழக்கம். தட்டினால் கால் தானாக முன்னால் துள்ளும். இறம்பொடைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய முன்னாள் கங்காணி, துள்ளிய கால் என் முழங்கையில் பட்டதும் பதறிப்போனார். வேண்டுமென்று உதைக்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஐயா, அது உங்கள் மூளை செய்த வேலையே இல்லை என்றேன். தட்டிய சேதி தண்டுவடம் வரைக்கும்தான் போகிறது. அங்கேயே உத்தரவு பிறந்து கால் துள்ளிவிடுகிறது. மூளைக்கு அப்புறம்தான் சேதி போகும். சூடான சட்டியில் கை பட்டால் 'ஐயோ' என்பதற்கு முன்பே கையை இழுத்துக்கொள்கிறோமே, அதுவும் இந்தக் கணக்குத்தான். மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் செரிமானமும்கூட நம்மைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. மூளைதான் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை என்றாலும், துரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருக்க முடியாதல்லவா. பெரியவருக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது. வாழ்நாள் அனுபவத்தில் சொன்னார்: "தொரைக்குத் தெரியாமத்தானுங்க தோட்டமே நடக்குது."

இல்லாத கால்

புஷ்பவதியைக் கண்டிக்கு அனுப்பி, கையில் மின்சாரம் விட்டுப் பார்க்கும் பரிசோதனையைச் செய்ய வைத்தேன். பயந்ததுதான் வந்தது. மணிக்கட்டில் ஒரு குறுகலான வழி உண்டு. பெருவிரலுக்கும் அடுத்த விரல்களுக்கும் போகிற நரம்பு அதற்குள்ளே புகுந்து போகிறது. வழிக்குக் கூரையாக மேலே ஒரு கெட்டியான நார்ப்பட்டை. ஓயாத வேலையில் அந்த இடம் வீங்கி, பட்டை நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. சுண்டுவிரலுக்குப் போகிற நரம்பு வேறு வழியில் போவதால் தப்பித்துக்கொண்டது. பட்டையை வெட்டி விட்டால் நரம்பு பிழைக்கலாம். தள்ளிப்போட்டால் செத்துவிடும். பிறகு அந்தக் கைக்குப் பொத்தானும் இல்லை, கொழுந்தும் இல்லை.

கொழுந்து பறிக்கிறவர்கள் இலையைப் பார்ப்பதில்லை. இளசா முத்தலா என்று விரலே சொல்லிவிடும், கண் அடுத்த செடிக்குப் போயிருக்கும். புஷ்பவதி ஒவ்வொரு துளிரையும் உற்றுப் பார்த்துக் கிள்ளிக்கொண்டிருந்தார். அப்படியும் கூடையில் முத்தல் விழுந்து, நிறுக்கிற இடத்தில் பேச்சு வாங்கினார். இதையெல்லாம் அவர் சொல்லவில்லை, மாரிமுத்துதான் சொன்னார். முடிவைச் சொன்ன அன்று பக்கத்துக் கட்டிலில், சீனி வியாதியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்ட ஓர் ஆசிரியர் இருந்தார். இல்லாத பாதம் அரிக்கிறது என்று தவித்துக்கொண்டிருந்தார். கால் போனாலும் காலுக்கென்று மூளையில் உள்ள இடம் அப்படியே இருக்கிறது, அது இன்னும் சேதியை எதிர்பார்க்கிறது என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். புஷ்பவதி தன் வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சாருக்கு இல்லாத கால் தெரியுது. எனக்கு இருக்குற கை தெரியல."

டொக்டரின் தமிழ்

எங்கள் சர்ஜன் சிங்களவர். நல்ல மனிதர். தமிழை எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. எங்கள் நோயாளிகளிடமே கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டவர். நோயாளிகள் எல்லாவற்றையும் நரம்பு என்றால், அவர் வேறு எதைக் கற்றுக்கொள்வார்? சிங்களத்தில் 'நஹர' என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவர் ஊர்ச் சனங்களும் இதே கூத்தைத்தான் ஆடுகிறார்கள். புஷ்பவதியின் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டி, மிகவும் அன்பாக, "பயம் வேணாம் அம்மா, இந்த நரம்பு வெட்டுறது, வெட்டினா சரி" என்று சொல்லியிருக்கிறார்.

புஷ்பவதி தலையாட்டிவிட்டு, பாத்ரூம் போவதாகச் சொல்லி எழுந்து, நேரே போய் பஸ் ஏறிவிட்டார். நான் சர்ஜனிடம் சண்டைக்குப் போனேன். அவர் நிஜமாகவே குழம்பி, "ஏன் மிஸ், உங்க ஆளுங்க எல்லாத்துக்கும் நரம்புதானே சொல்றது?" என்றார். அவர்கள் வீட்டுக்கு போன் எடுத்தேன். மாரிமுத்து எடுத்து மனைவியிடம் கொடுத்தார். புஷ்பவதி கோபமில்லாமல், ரொம்பவும் நியாயமாகக் கேட்டார்: "நரம்பயே வெட்டிட்டா, அப்புறம் கை எதுக்குங்க மிஸ் ஒட்டிக்கிட்டு இருக்கணும்?"

கவ்வாத்து

மாரிமுத்துவின் இடுப்பு அவரை மறுபடியும் கொண்டுவந்து சேர்த்தது. கணவரைத் தனியாக அனுப்ப மாட்டார் என்று எனக்குத் தெரியும். இந்த முறை கதவுப் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வசனத்தை எடுத்து விட்டேன். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுவதில்லையா, மொட்டையாக வெட்டிய செடிதானே புதுசாகத் துளிர்க்கிறது, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். என் சாமர்த்தியத்தில் எனக்கே ஒரு திருப்தி. புஷ்பவதி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கவ்வாத்துல செத்துப்போன செடியும் நெறைய இருக்குங்க மிஸ்."

லணுவ

சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் புஷ்பவதி உச்சந்தலையை அழுத்தித் தேய்த்துக்கொள்வார். கூடைக் கயிறு தலையில் ஏறி ஏறி அங்கே முடி தேய்ந்து ஒரு தடமே விழுந்திருந்தது. பேச்சை மாற்ற அதைக் கேட்டேன். மழை நாளில் கூடை கனத்தால் கயிறு இறுக்கி மண்டையே மரத்துப் போகும் என்றார். அப்போது என்ன செய்வீர்கள்? கயிற்றை இறக்கி விடுவேன் என்றார். மண்டையை வெட்ட மாட்டீர்களே? அவர் கை தலையிலேயே நின்றது. நான் பேனாவை எடுத்து அவர் மணிக்கட்டில் குறுக்கே ஒரு பட்டை வரைந்தேன். அதற்குக் கீழே நீளவாக்கில் ஒரு கோடு போட்டேன். குறுக்கே இருப்பது கயிறு, அதைத்தான் வெட்டப் போகிறார்கள். நீளமாகப் போவது நரம்பு, அதைத் தொட மாட்டார்கள். நரம்பு என்ற சொல்லை அந்த ஒரு கோட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம் என்றேன். கோட்டை இடது கை விரலால் தடவிப் பார்த்தார். மாரிமுத்து வாயைத் திறக்கப் போனார், நான் முறைத்தேன்.

புஷ்பவதி ஒப்புக்கொண்டார். ஆனால் நம்பிக்கை முழுதாக வரவில்லை. ஒப்பரேஷன் அன்று சர்ஜன் கையில் மருந்து தடவ வரும்போது, இவர் தமிழை நம்பி இனிப் பிரயோசனமில்லை என்று முடிவு செய்து, கடைத்தெருவில் கற்ற சிங்களத்தில் அவருக்கே உத்தரவு போட்டார். கயிற்றை மட்டும் வெட்டுங்கள் என்று அர்த்தம். சர்ஜன் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, சரி என்று பதில் சொன்னார். புஷ்பவதி போட்ட உத்தரவு இதுதான்: "டொக்டர் மாத்தயா, லணுவ விதரக் கபன்ன."

பெரட்டுக்குப் பிறகு

நசுங்கிய நரம்பு அவசரப்படாது. நகம் வளர்கிற மாதிரி, பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. கண்ணை மூடச் சொல்லி விரல் நுனியைப் பஞ்சால் தொடுவேன். "இல்லைங்க" என்பார். அடுத்த கிளினிக்கிலும் "இல்லைங்க". சதை வற்றிய கைக்கு உணர்வு திரும்பாமலே போவதும் உண்டு, அதை முன்பே சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். ஆனாலும் என் பேச்சை நம்பிக் கையை நீட்டியவர் அவர். ஒவ்வொரு முறை பஞ்சை எடுக்கும்போதும் எனக்குப் பயமாக இருந்தது. அவர் என்னைக் குறை சொல்லவே இல்லை, அதுதான் இன்னும் கஷ்டம். லேசான வேலையாகக் கொடுக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

பிறகு மலைக்குக் கொழுந்து எடுக்கத் திரும்பினார். ஒருநாள் கிளினிக் திறக்கும் நேரம். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பேர் கொடுத்து, கொஞ்ச நேரம் மலையில் நின்றுவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் நேரே வந்திருந்தார். நுவரெலியாப் பக்கம் உறைபனி விழுந்திருந்த காலம். முகத்தைச் சுளித்துக்கொண்டு வலது கையைக் கக்கத்தில் செருகி வைத்திருந்தார். என்ன ஆச்சு என்றேன். கையை வெளியே எடுத்து, பெருவிரலையும் பக்கத்து இரண்டு விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். "இங்க, இங்க, இங்க. தாங்க முடியாமக் குளிருதுங்க மிஸ்."

கை குளிருகிறது என்று ஒருவர் முறையிட, அதைக் கேட்டு வைத்தியம் பார்க்காமல் அழுதுகொண்டு நின்றதற்கும் சேர்த்துத்தான் அந்த மாதம் அரசாங்கம் எனக்குச் சம்பளம் போட்டது.