கண்ணாடி ஹாஜியாரின் மகன்

எருக்கலம்பிட்டித் தேநீர்க்கடையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். எதிர்க் கதிரையில் இருப்பவர் பழைய பிரெஞ்சுக் கூலிங்கிளாஸ் ஒன்றை அணிந்திருக்கிறார். மெல்லிய தங்க விளிம்பு. மேலே கறுத்திருக்கும் வில்லை, கீழே வரவரத் தேன் நிறமாக வெளுக்கிறது. இப்போது விற்கும் கண்ணாடிகளில் இந்த எடுப்பைக் காண முடிவதில்லை. அதை அவரிடமே சொல்கிறேன்.

"வாப்பா சவூதியில இருந்து கொண்டுவந்தது," என்கிறார். "அப்ப ஊரில வேற ஒருத்தரிட்டயும் இல்லை. கண்ணாடி ஹாஜியார் எண்டுதான் அவரைச் சொல்லுவாங்க."

தொண்ணூறாம் ஆண்டு, போர்க்காலத்தில், ஊரைவிட்டு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது இவர் குழந்தை. புத்தளம் முகாமில் வளர்ந்தவர். வாப்பாவை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, போன கிழமைதான் திரும்பியிருக்கிறார். வீடிருந்த வளவு பற்றைக்காடாகக் கிடக்கிறது. இன்னாருடைய மகன் என்று சொல்ல இங்கே ஆளில்லை.

"இதைக் கண்டா பழைய ஆக்கள் ஆராவது என்னை அடையாளம் பிடிப்பாங்க எண்டுதான் போட்டுக்கொண்டு இருக்கிறன்."

பள்ளிவாசல் பக்கமிருந்து வரும் முதியவர் ஒருவர் நின்று, கண்ணாடியையே உற்றுப் பார்க்கிறார். இவர் சட்டென்று எழுந்துகொள்கிறார்.

"வடிவான கண்ணாடி மகன். எங்க வாங்கினீங்க?"

இவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைக் காட்டுகிறார்; முதியவரின் பார்வை கண்ணாடியிலேயே இருக்கிறது.

"கொழும்பில," என்கிறார் கடைசியில்.

முதியவர் தலையாட்டிவிட்டு நடக்கிறார். அவர் சந்தியில் திரும்பி மறைந்த பிறகும் இவர் உட்காரவில்லை.