மணிக்கூண்டில் மாட்டிக்கொண்டேன்

நான் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மனைவி இறந்தபின் வீட்டில் பேச ஆளில்லை. போன மாதம் திண்டுக்கல்லின் பழைய பேராலயம் ஒன்றைச் சுற்றிக்காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். "யாரோட வந்திருக்கீக?" என்று வழிகாட்டிப் பெண் கேட்டாள். தனியாக வந்ததைச் சொல்லக் கூச்சப்பட்டு, முன்னால் நின்ற ஒரு குடும்பத்தைக் கைகாட்டிவிட்டேன்.

கடைசியாக எல்லாரோடும் ஏறிய மணிக்கூண்டின் சன்னல் வழியே, நாகல் நகரில் என் வீட்டு மாடி தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். திரும்பினால் யாருமில்லை. கீழே இறங்கினால் கதவு வெளியே பூட்டியிருந்தது. கத்தினேன், எவருக்கும் கேட்கவில்லை. யார் கூப்பிடப்போகிறார்கள் என்று செல்போனை வீட்டிலேயே விட்டுவந்திருந்தேன்.

பயத்தில் மணிக்கயிற்றை இழுத்தேன். கயிறு கனத்ததால் நிறுத்தி நிறுத்தி இழுத்தேன்; மணி விட்டுவிட்டு ஒலித்தது. அப்படி அடித்தால் அங்கே துக்க மணியாம். "யாரு தவறிட்டாக?" என்று கேட்டபடி நாலைந்து பேர் கதவைத் திறந்தார்கள்.

"அய்யோ! அந்தக் குடும்பம் கெளம்பவும் நீங்களும் போயிட்டீகன்னுல நெனச்சேன்" என்று பின்னாலேயே ஓடிவந்த வழிகாட்டிப் பெண் அழாக்குறையாகச் சொன்னாள்.

சிறுமலை பஸ்ஸில் ஒருநாளும் தலை எண்ணாமல் விசில் கொடுக்காதவன் நான். இப்போதெல்லாம் எங்கே போனாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "நான் தனி ஆளும்மா. என்னையும் எண்ணிக்கங்க."