தலை எண்ண வந்த நாள்

போன வாரம் பெருங்களத்தூர் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். காலி பஸ் ஒன்று வந்தது. கண்டக்டர் கூவிக் கூவிக் கூப்பிட்டும் யாரும் ஏறவில்லை. எல்லாரும் கைப்பேசியில் ஆட்டோவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். என் கால் மட்டும் தானாகப் படியை நோக்கிப் போனது. இத்தனைக்கும் நான் போக வேண்டிய திசையே வேறு. காலி பஸ்ஸைக் கண்டால் பதறுவது எங்கள் ஊர்க்காரர்களின் பழைய வியாதி.

முடிச்சூருக்கு மேற்கே, ஏரிக்கரையைத் தாண்டி, நூறு வீடு தேறாத ஊர் எங்களுடையது. தலைக்கு மேல் தினமும் விமானப்படை விமானம் பறக்கும். தரையில்தான் ஒன்றும் வராது. மெயின் ரோட்டுக்கு ஒரு மணி நேர நடை. இரண்டாயிரத்து மூன்று வாக்கில், மனு மேல் மனு போட்டு, தாம்பரத்திலிருந்து காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ் வாங்கினோம். ஆள் ஏறாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

இருக்கிற ஜனத்துக்கு பஸ் நிறையாது என்பது மளிகைக்கடை பஷீர் பாய்க்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. அவர் முறை வைத்தார். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முறை வந்த வீட்டிலிருந்து ஒருவர் தாம்பரம் போய் வந்தாக வேண்டும். படிப்பை முடித்துவிட்டுச் சும்மா இருந்த நான்தான் எங்கள் வீட்டின் நிரந்தரப் பயணி.

"தாம்பரத்துல போய் நான் இன்னா பண்றது பாய்?"

"ஸ்டேஷன் பாலத்துல இந்தாண்ட ஏறி அந்தாண்ட எறங்கு. உன்னை யாரு கேக்கப்போறா?"

அப்படி அந்தப் பாலத்தை நான் ஏறி இறங்கியதற்கு ரயில்வேயே எனக்குச் சம்பளம் தந்திருக்கலாம்.

ஒருநாள் கண்டக்டர் ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனார்: "நாளைக்கு காலைல செக்கிங் சாரு வர்றாரு. தலை எண்ணப் போறாரு."

மறுநாள் ஏழு மணி பஸ்ஸுக்கு ஊரே ஆறரைக்கு வந்துவிட்டது. பட்டுப்புடவை, அத்தர், மல்லிகை, தேங்காய் எண்ணெய் என்று பஸ்ஸுக்குள் கல்யாண வீட்டு வாசனை. நான் முண்டியடித்து ஜன்னலோர இருக்கையைப் பிடித்தேன். செக்கிங் சார் முன்னால் நின்று நிதானமாக எண்ணிக்கொண்டிருந்தார்.

சரியாக ஏழுக்கு ஷமீம் அக்கா ஓடி வந்தார். எங்கள் பக்கத்து வீடு. புருஷன் லாரியோடு போனால் மாதக்கணக்கில் வர மாட்டார். துணி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் அன்று எட்டரைக்கு அவர் மிஷினில் தைத்துக் காட்ட வேண்டும், தேறினால் வேலை. ஊருக்கே தெரியும். அன்றைக்கு அந்த பஸ்ஸில் போக வேண்டிய ஒரே ஆள் அவர்தான்.

"அக்கா, எடம் இல்ல. மத்த நாள்னா படியில தொங்கிகினு வரலாம். சாரு உள்ளே கீறாரு, என் வேலை பூடும்" என்றார் கண்டக்டர்.

யாரும் அசையவில்லை. இறங்கினால் ஒரு தலை குறையுமே என்று நானும் அசையவில்லை. நான் இறங்கி அவர் ஏறினால் எண்ணிக்கை அதேதான் என்பது, பி.எஸ்ஸி. கணிதம் படித்த என் மண்டைக்கு அப்போது எட்டவில்லை. பஸ் ஏரிக்கரை திரும்பும்போதுதான் உறைத்தது. அப்போதாவது நிறுத்தச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்க வெட்கமாக இருந்தது.

அக்கா நடந்தே போயிருக்கிறார். கம்பெனியில் கேட்டைச் சாத்திவிட்டார்கள். அப்புறம் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார்.

பஸ் தப்பியது. சில வருஷம் ஓடியது. வயல்கள் மனைகளாகி, மனைகள் அடுக்குமாடிகளாகி, ஜனம் பத்து மடங்கானபோது ஷேர் ஆட்டோ வந்தது, வீட்டுக்கு வீடு பைக் வந்தது. பஸ் எந்த நாளோடு நின்றது என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பஷீர் பாயின் கடை இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள்.

இரண்டாயிரத்துப் பதினைந்து பெருவெள்ளத்துக்குப் பிறகு ஷமீம் அக்காவும் வீட்டைக் காலி செய்தார். சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது, அன்றைக்கு நான் இறங்கியிருக்க வேண்டும் அக்கா என்று ஒருவழியாகச் சொன்னேன்.

"நீ எழுந்துக்குவேன்னு உன்னையேதான் தம்பி பார்த்துகினு இருந்தேன்" என்றார்.