செலவில்லாத மக்காச்சோளம்

மக்காச்சோளத்தில் செலவைக் குறைப்பது எப்படி என்று சொல்லித்தர வேளாண்மைத் துறை அதிகாரி ஒருவர் பேரணாம்பட்டுப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தார். ஒடிசலான மனிதர், அவரையே யாரோ செலவு மிச்சம் பிடித்துப் படைத்தது போல இருந்தார். பேனா மூடியைப் பல்லில் கடித்தபடிதான் பேசுவார். விதை, உரம், படைப்புழு மருந்து என்று நான் எதைச் சொன்னாலும், "அதைக் குறைக்கலாமே" என்பார்.

"களை யார் எடுக்கறாங்க?"

"என் சம்சாரம்தான் சார்."

"வீட்டு ஆளா? அப்போ செலவே இல்ல" என்று கையிலிருந்த செலவுக் கணக்குப் படிவத்தில் பூஜ்ஜியம் போட்டார். அப்போதுதான் முதல்முறையாக மூடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

பயிருக்குள் குனிந்திருந்த என் மனைவி நிமிர்ந்தாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தைக்கிறவள். "இன்னா சார் பூஜ்ஜியம்? கம்பெனிக்கு லீவு போட்டுட்டு வந்து குனிஞ்சினு கிடக்கறேன். ஒரு நாள் சம்பளம் போச்சு. அது யார் கணக்குல போவும்?"

அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லம்மா" என்றார், உண்மையான வருத்தத்துடன். பிறகு என்னிடம், "பூஜ்ஜியம்னே வெச்சிக்கலாம்தானே?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

குறைந்த செலவில் விளைவித்த முன்னோடி விவசாயி என்று எனக்குச் சான்றிதழ் வந்தது. கட்டத்துக்கு வெளியே ஒரு எழுத்துகூட எழுதத் தெரியாத அந்த மனிதரை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. சிரிக்கும்போது மட்டும் மனைவி பக்கத்தில் இல்லாதபடி பார்த்துக்கொள்கிறேன்.